பிறர் பொருளுக்கு நாம் காவலர்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள பெரிய நெற்களஞ்சியத்தை வியந்து நோக்குகின்றனர். பொருளைக் காத்து வைக்கும் தொழில் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஊரின் கடைத்தெருவில் அது நாள்தோறும் நடைபெறுகிறது. பட்டுச்சேலையைச் சலவைக்கு வாங்குபவர், துணியை அளவெடுத்து வைத்துக்கொள்ளும் தையற்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், பயணிகளின் பைகளைப் பெற்று வைக்கும் சிறுகடைக்காரர் ஆகிய யாவரும் பிறர் பொருளுக்குக் காவலரே.

அப்பொருள் கெட்டாலோ காணாமற் போனாலோ என் செய்வது? நாற்பது ஐம்பது ரூபாய் கூலிக்கு வேலை செய்பவர் பல்லாயிரம் ரூபாய்ச் சேலைக்கு ஈடு செய்ய நேர்ந்தால் அவர் குடும்பமே நிலைகுலையும். இவ்வச்சத்தால் பலர் இரசீதின் அடியில் "இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்டு விடுகின்றனர். அவ்வரி அவர்களைக் காக்குமா என்பதே நம் கேள்வி.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனை 'ஒப்படைப்பு' என வகுத்து, கடைக்காரரின் கடமையை 151ஆம் பிரிவில் உரைக்கிறது. விவேகமுள்ள ஒருவர் அத்தகைய தம் சொந்தப் பொருளிடத்துக் காட்டும் கவனத்தைப் பிறர் பொருளிடத்தும் காட்ட வேண்டும். அக்கவனத்தைக் காட்டிய பின்னும் இழப்பு நேரின், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அவர் பொறுப்பாளி அல்லர் என்கிறது 152ஆம் பிரிவு.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2024ஆம் ஆண்டு பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. அத்தகைய மழையில், துணிகளை உயரத்தில் ஏற்றி வைத்தும் வெள்ளம் தொட்டுவிட்டால் கடைக்காரர்மீது குற்றமில்லை. எச்சரிக்கையைக் கேட்டும் மூட்டைகளைத் தரையிலேயே விட்டிருந்தால் குற்றம் அவருடையதே. விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரமும், காவலிலிருந்த கால்நடை காட்டு விலங்கால் கிழிக்கப்பட்டதற்கும், திருடப்பட்டதற்கும் வெவ்வேறு தீர்ப்பு விதிப்பதை நாம் அறிவோம்.

அச்சிட்ட வரியைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் கூறிய தீர்ப்பு ஒன்றுண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வெளியான 'லில்லி வைட்' வழக்கு அது. சலவைக்குக் கொடுத்த புதுச்சேலை காணாமற் போயிற்று. விலையில் ஒரு பகுதியை மட்டுமே கோரலாம் என்பது இரசீதின் நிபந்தனை. அந்நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு மாறானது, செல்லாது என்றது நீதிமன்றம். அது செல்லுமாயின், புதுச்சேலையைக் குறைந்த விலைக்குத் தனதாக்கிக்கொள்ள நேர்மையற்றவனுக்கு வழி திறந்துவிடுமன்றோ!

அப்படியாயின் சிறு வணிகருக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு. அது இரசீதின் அடியில் அன்று, பொருளைக் கைமாற்றும் அந்த வேளையில் இருக்கிறது. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கிழிசல், கறை, சாயம் போன இடம் ஆகியவற்றை இரு படிகளிலும் எழுதுங்கள். விலை உயர்ந்த பொருளாயின் அதன் மதிப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கறையை நீக்கினால் சரிகை கறுக்கக்கூடும் என்றால் முன்கூட்டியே சொல்லி, உரியவர் ஒப்பிய பின்னரே கை வையுங்கள். காக்க இயலாத பொருளை ஏற்க மறுப்பதும் நேர்மையே. இழப்பு நேர்ந்தால், தக்க கவனம் காட்டியதாக மெய்ப்பிக்கும் சுமை கடைக்காரருடையது என்பதால், இக்குறிப்புகளே அவருக்குச் சாட்சி.

காப்பீடு செய்துள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தச் சரக்குக்கு எடுத்த காப்பீடு வாடிக்கையாளர் பொருளுக்குத் தானாகவே பொருந்திவிடாது. பொறுப்பில் வைத்துள்ள பிறர் பொருளும் பத்திரத்தில் தெளிவாகச் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டறிவது நலம்.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. தமக்குத் தெரிந்த குறையை மறைத்துப் பொருளைக் கொடுத்தல் தகாது என்று 150ஆம் பிரிவு கூறுகிறது. பையிலுள்ள நகையைச் சொல்லாமல் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் வழக்காடுவது முறையாகாது. செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் 170ஆம் பிரிவு தொழிலாளிக்கு வழங்கியுள்ளது.

பேச்சால் தீராவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வாழும் மாவட்டத்திலேயே நுகர்வோர் முறையிடலாம். செலுத்திய கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது முறையீட்டுக்குக் கட்டணமில்லை. ஆயினும் விழுப்புரம் வரை அலையுமுன், இரு குடும்பங்களும் ஓரிடத்தில் அமர்ந்து கணக்குப் பார்ப்பதே மேல். பழைய சேலைக்குப் புதுச்சேலையின் விலை கேளாதிருப்பது ஒருவர் நேர்மை. தவறு தம்முடையதாயின் தவணையிலேனும் ஈடு செய்வது மற்றவர் நேர்மை. சிற்றூரில் வணிகத்தின் முதல் அந்த நம்பிக்கையே. அதனை இழந்த கடைக்கு எந்த இரசீதும் துணை நில்லாது.