உள்ளே போகுமுன் வெளியே வரும் வழி

புதுக் கடை திறக்க நாள் பார்க்கிறார்கள், நட்சத்திரம் பார்க்கிறார்கள், பெயர்ப் பலகையின் நிறத்தைப் பற்றிக்கூட ஒரு வாரம் விவாதிக்கிறார்கள். ‘இந்த வியாபாரத்திலிருந்து என்றைக்கு, எப்படி விலகுவது?’ என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால், “நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?” என்று வீட்டுப் பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. அவன் வீரத்தில் குறை இல்லை. பாடம்தான் பாதியில் நின்றுவிட்டது.

விலகுவது என்றால் தோற்பது என்று அர்த்தமல்ல. நன்றாக நடக்கும் கடையை நல்ல விலைக்கு விற்கலாம். பிள்ளையிடமோ கூட்டாளியிடமோ ஒப்படைக்கலாம். கடன்களைத் தீர்த்துவிட்டுக் கௌரவமாக மூடலாம். எந்த வழியானாலும் அதற்கு வேண்டிய ஏற்பாட்டை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும். இதற்குச் சிறந்த பாடம் நம்மவர் சரித்திரத்திலேயே இருக்கிறது.

மூன்று வருஷக் கணக்கு

பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், வெளியேறும் வழியை நன்றாக அறிந்தவர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்த ஏஜண்டு ஒருவர் கப்பலேறுவார். அவருக்குத் தவணை சாதாரணமாக மூன்று வருஷம். தவணை முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் கணக்கையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். போகும்போதே திரும்பும் காலம் தெரியும். கணக்கு ஒப்படைக்கும் நாள் ஒன்று இருப்பதால், கணக்கும் ஒழுங்காக இருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டினால் தொழில் பெருகியது. 1930-ஐ ஒட்டி பர்மா பாங்கிங் விசாரணைக் கமிட்டி போட்ட மதிப்பில், அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

ஆள் வந்தான், பணம் வரவில்லை

ஆனால் ஆள் திரும்ப வழி இருந்ததே தவிர, பணம் திரும்ப வழி இல்லை. அதில் பெரும் பகுதி ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களை ஈடாக வைத்துக் குடியானவர்களுக்குக் கொடுத்த கடன். 1930-க்குப் பிறகு உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் ஒவ்வொன்றாகக் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் அவர்கள் வசம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1937-ல் அது நூற்றுக்கு 25 ஆகிவிட்டது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது பெரும் சொத்து. கடைக்காரருக்கோ சங்கடம். அவருக்கு வேண்டியது ரொக்கம்; கையில் இருந்ததோ வாங்க ஆளில்லாத வயல். நிலம் இழந்த குடியானவரின் மனக்கசப்பும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். அங்கிருந்த இந்தியர்களில் பல்லாயிரம் பேர் காடும் மலையும் கடந்து ஓடி வந்தனர். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டமும் வந்தது. தலைமுறைகளாகச் சேர்த்த முதல் அன்னிய மண்ணிலேயே தங்கிவிட்டது.

எல்லோருக்கும் அப்படி நேரவில்லை. 1900-ல் பர்மாவில் லேவாதேவி தொடங்கிய திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார், ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1930-களிலேயே, முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பினார். அந்தக் குடும்பத்தார் 1949-ல் சென்னையில் சைக்கிள் உற்பத்தி தொடங்கினார்கள். யுத்தம் எப்போது வரும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. முதல் கைக்குத் திரும்புகிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஜோசியம் தேவையில்லை.

எழுத்தில் இருக்கட்டும்

இன்று தெருமுனையில் கடை வைப்பவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நண்பர்கள் இருவர் கூட்டாக இறங்குகிறார்கள். ஒப்பந்தம் எழுதுவது சிநேகிதத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறார்கள். அவர்கள் எழுதாவிட்டால் சட்டம் எழுதிவிடும். 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டப்படி, காலவரையறை இல்லாத கூட்டை எந்தக் கூட்டாளியும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துக் கலைக்கலாம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒருவர் இறந்தாலும் கூட்டு கலைந்துபோகும். கலையும்போது முதலில் வெளியார் கடன், பிறகு கூட்டாளி கடையில் போட்ட கைமாற்று, அதன் பிறகே அவரவர் முதல். மிச்சம் இருந்தால் லாப விகிதப்படி பங்கு. கடையின் கடனுக்குக் கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. விலகியவர் சட்டப்படி பகிரங்க அறிவிப்புச் செய்யாவிட்டால், விலகிய பிறகு ஏற்படும் கடனும் அவர் தலையில் விடியக்கூடும்.

ஆகவே முதல் ரூபாயைப் போடுமுன் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிவிடுவது நல்லது. எவ்வளவு பணம் வரை இழக்கலாம்? எத்தனை மாதத்தில் கடை தன் செலவைத் தானே தாங்க வேண்டும்? ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை போடுவது எப்படி? நாளைக்கே மூடினால் சரக்கும் சாமானும் என்ன விலைக்குப் போகும், கொடுத்த கடனில் எவ்வளவு வசூலாகும்?

இவற்றைச் சிநேகிதம் பழுதில்லாமல் இருக்கும்போது எழுதுவது சுலபம். மனஸ்தாபம் வந்த பிறகு எழுத வக்கீல் வேண்டும். இழக்கும் எல்லைக்குள் குடியிருக்கும் வீடும் மனைவியின் நகையும் வரக்கூடாது. எல்லையைத் தொட்டதும், ‘இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்’ என்ற ஆசையை அடக்கி அந்தத் தாளை எடுத்துப் படிக்க வேண்டும். முதலில் பாதியாவது கையோடு வெளியே வந்தவனுக்கு இன்னொரு கடை திறக்க இன்னொரு நல்ல நாள் கிடைக்கும்.