குடிலருகே ஒரு பாடுகளின் மெட்டு



கிறிஸ்து பிறப்புக் காலத்தில் செர்மனி நாட்டு ஆலயங்களில் ஆண்டுதோறும் ஒலிக்கும் இசைப் படைப்பு ஒன்று உண்டு. யோகான் செபாஸ்டியன் பாக் இயற்றிய கிறிஸ்மஸ் ஒரத்தோரியோ அது. அவர் லூத்தரன் சபையினர். ஆயினும் அவருடைய இசையை இன்று கத்தோலிக்க ஆலயங்களிலும் நாம் கேட்கிறோம்.

இக்காலப் பாடகர் குழுக்கள் பலவும் இதன் முதல் மூன்று பகுதிகளை ஒரே மாலையில், அதுவும் திருவருகைக் காலத்திலேயே பாடி முடித்துவிடுகின்றன. பாக் அப்படி எழுதவில்லை. ஆறு பகுதிகளும் ஆறு திருநாள்களுக்கு உரியவை. லைப்சிக் நகரில் 1734 டிசம்பர் 25, 26, 27, பின்பு 1735 சனவரி 1, 2, 6 ஆகிய நாள்களில் வழிபாட்டின் நடுவே அவை பாடப்பட்டன. அந்நகரில் திருவருகைக்கால முதல் ஞாயிறு கழிந்ததும், இசைக்குழுவோடு பாடும் பெரிய பாடல்கள் நிறுத்தப்படும். டிசம்பர் 25 காலையில் அந்த அமைதியைக் கலைத்தது மேளத்தின் தனி முழக்கம். காத்திருந்த காதுக்கு அது எப்படி இனித்திருக்கும்! நாமோ பிறப்பு விழா வருமுன்பே கேரல் பாடிக் களைத்துப் போகிறோம்.

அந்தத் தொடக்க இசை உண்மையில் 1733-இல் சாக்சனி நாட்டு அரசி மரியா யோசெபாவின் பிறந்தநாளுக்காக அமைக்கப்பட்டது. (அந்த அரசி கத்தோலிக்கர் என்பதையும் சொல்லிவிடுவோம்.) சொற்களை மாற்றி, பாலன் இயேசுவுக்கு அதை உரியதாக்கினார் பாக். இதைக் குறையாகப் பேசுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஞானிகள் கொணர்ந்த பொன்னும் குழந்தைக்கென்றே தோண்டி எடுத்ததல்லவே!

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது வேறொன்று. முதல் பகுதியில், மீட்பரை எவ்வாறு வரவேற்பேன் என்று ஆன்மா கேட்கும் பாடல் வருகிறது. அதன் மெட்டு, முள்முடி தாங்கிய திருத்தலையைப் போற்றும் பாடலின் மெட்டு. அக்காலத்தில் வேறு பாடல்களுக்கும் அம்மெட்டு வழங்கியதால், பாக் சிலுவையைத்தான் நினைத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அதே நகரத்தார் புனித வெள்ளியன்று அவருடைய மத்தேயு திருப்பாடுகள் இசையில் அம்மெட்டைப் பலமுறை கேட்டிருந்தார்கள். பிறப்பு விழா மகிழ்ச்சியின் நடுவே அது காதில் விழுந்தபோது, குடிலின் வைக்கோலுக்குள் ஒரு முள் தட்டுப்பட்டதுபோல் இருந்திருக்கும்.

சனவரி 6, திருக்காட்சி விழா. ஆறாம் பகுதியின் கடைசிப் பாடலிலும் அதே மெட்டு வருகிறது. இம்முறை எக்காளங்களும் மேளங்களும் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. பாடல் சொல்வதோ, சாவையும் பாவத்தையும் கிறிஸ்து வென்றுவிட்டார் என்பதை.