எத்தனாலா, மெத்தனாலா? உயிர் காக்கும் ஒரு 'ம்'

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் சானிட்டைசர் வாங்கி, லேபிளைத் திருப்பிப் பாருங்க. 'எத்தனால்' என்றோ 'ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்' என்றோ இருக்கும். அங்கே 'மெத்தனால்' என்று இருந்தால்? காதில் விழும் வித்தியாசம் ஒரு 'ம்' மட்டும்தான்.

அதற்கு இந்த நகரம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1981 ஜூலையில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் பெங்களூரில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 மே மாதம் கர்நாடகாவிலும் தமிழ்நாட்டிலும் சேர்த்து 100-க்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல்.

பெயருக்குள் என்ன இருக்கு?

வேதியியல் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது ஒரு கணக்கு. மூணு துண்டாகப் பிரிச்சுப் படிங்க. முதல் துண்டு கார்பன் எண்ணிக்கை: 'மெத்' என்றால் 1, 'எத்' 2, 'புரொப்' 3, 'பியூட்' 4. நடுவில் வரும் 'அன்', கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இல்லை என்கிறது. கடைசியில் வரும் 'ஆல்', ஓஎச் (ஓ ஆக்சிஜன், எச் ஹைட்ரஜன்) ஒட்டியிருப்பதைச் சொல்கிறது.

வாய்பாடு எழுதுவது எப்படி?

கார்பனுக்கு 4 கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தனாலில் ஒரே கார்பன். மூன்று கைகளில் ஹைட்ரஜன், நான்காவதில் ஓஎச். ஆக, சிஎச்₃ஓஎச். எத்தனாலில் ரெண்டு கார்பன் கைகோத்து நிற்கும். மிச்சம் 6 கைகள்: ஐந்தில் ஹைட்ரஜன், ஒன்றில் ஓஎச். அதுதான் சி₂எச்₅ஓஎச்.

ஒரு கார்பன் குறைஞ்சா என்ன ஆகும்?

இரண்டுமே தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவங்கள். பார்த்தோ, குடித்தோ பிரித்தறிய முடியாது. வித்தியாசம் கல்லீரலில் தெரியும். அங்குள்ள நொதிகள் எத்தனாலைக் கடைசியில் அசிட்டிக் அமிலமாக்கும். வினிகரில் இருப்பது இதுதான். மெத்தனாலையோ ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். இந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும்.

அறிகுறிகள் தெரியப் பல மணி நேரம் ஆகலாம். கண் மங்கினாலோ, வயிற்றுவலி, வாந்தி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியைத் தடுக்கும். டயாலிசிஸ் விஷத்தை வெளியேற்றும்.

படிக்கத் தெரிஞ்சா தப்பிக்கலாமா?

சானிட்டைசர் விஷயத்தில், லேபிள் உண்மையாக இருந்தால், தப்பிக்கலாம். சாராயப் பாக்கெட்டில் லேபிளே கிடையாது. அதனால் இறந்தவர்களின் அறியாமை என்று இதை முடித்துவிட முடியாது. மெத்தனால் தொழிற்சாலைகளுக்கான கரைப்பான். அங்கே போக வேண்டியது எந்த இடத்தில் பெயரைத் தொலைத்துப் பாக்கெட்டுக்குள் போனது? அடுத்தமுறை இப்படி ஒரு செய்தி வந்தால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.