ரப்பர் பாலில் தொடங்கிய உறவு

மலேசியாவோடு தொடர்புடைய குடும்பங்களில் ரப்பர் தோட்டத்தைப் பற்றிக் கதை சொல்லாத முதியவர் இருக்கமாட்டார். விடியுமுன் எழுந்து, மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் பாலைச் சேர்த்து வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்தப் பாலின் விலை குறித்து எழுந்த ஒரு முறையீட்டிலிருந்துதான், ஜப்பானுக்கும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய ஆசியானுக்கும் இடையே ஐம்பதாண்டுகளைக் கடந்த ஒத்துழைப்பு பிறந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் கூடி ஆசியானை நிறுவின. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செயற்கை ரப்பரைச் செய்து ஜப்பானிய ஆலைகள் ஏற்றுமதி செய்தபோது, இயற்கை ரப்பரை நம்பியிருந்த நாடுகள் கலங்கின. ஒரு நாடு தனியே நின்று கேட்டிருந்தால் டோக்கியோவின் காதில் விழுந்திருக்குமா என்பது ஐயமே. 1973இல் ஐந்தும் ஒரே குரலில் கேட்டன. ஜப்பான் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்து, உற்பத்தியிலும் ஏற்றுமதியிலும் நிதானம் காட்ட இசைந்தது.

ஆனால் ரப்பர் விலையைவிட ஆழமான புண் ஒன்று அந்த மக்களின் நெஞ்சில் இருந்தது. 1942 முதல் 1945 வரை அந்நாடுகள் ஜப்பானியப் படையின் பிடியில் கிடந்தன. ஜாவாவில் நாள்தோறும் டோக்கியோ இருக்கும் திசை நோக்கி இடுப்பை வளைத்துப் பேரரசருக்கு வணக்கம் செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டார்கள். அது ருகூவை ஒத்த குனிவு. அல்லாஹ்வையன்றி வேறு யாருக்கும் அவ்வாறு குனிவதற்கில்லை என்று மறுத்தார், தெபுஇரெங் மத்ரஸாவின் தலைவரும் நஹ்ளத்துல் உலமா இயக்கத்தை நிறுவியவருமான ஷைகு ஹாஷிம் அஷ்அரி (ரஹ்) அவர்கள். எழுபது வயதை எட்டியிருந்த அப்பெரியவரைச் சிறையில் அடைத்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு சென்றார்கள். காலராவிலும் பட்டினியிலும் மடிந்து, ஊர் திரும்பாதவர்கள் அவர்களில் ஏராளம்.

இத்தனையும் நடந்து முப்பதாண்டுகூட ஆகாத நிலையில், அதே நாட்டின் வானொலிப் பெட்டிகளும் மோட்டார் வண்டிகளும் கடைவீதிகளை நிறைத்தன. முன்பு வாளோடு வந்தவர்கள் இப்போது விலைப்பட்டியலோடு வந்திருக்கிறார்கள் என்று மக்கள் எண்ணியதில் தவறு காண முடியுமா?

1974 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் தனாகா இந்நாடுகளுக்குப் பயணம் வந்தார். பாங்காக்கில் மாணவர்கள் எதிர்ப்பு முழக்கத்தோடு நின்றார்கள். ஜகார்த்தாவில் 15ஆம் நாள் நகரமே எரிந்தது. நூற்றுக்கணக்கான வண்டிகள் தீக்கிரையாயின, பதினொருவர் உயிரிழந்தனர். விருந்தினராக வந்த பிரதமர் சாலை வழியே விமான நிலையம் செல்ல முடியாமல் ஹெலிகாப்டரில் போய்ச் சேர்ந்தார். (அந்தக் கலவரத்தில் இந்தோனேசியத் தளபதிகளின் உட்பூசலுக்கும் பங்குண்டு. பழி முழுவதையும் அயலார்மீது போடுவது நேர்மையாகாது.)

தனாகா பட்ட அவமானம் வீண்போகவில்லை. 1977 ஆகஸ்டில் பிரதமர் புகுதா கோலாலம்பூரில் ஆசியான் தலைவர்கள் ஐவரையும் சந்தித்தார். பயணத்தின் முடிவில், 18ஆம் நாள் மணிலாவில் ஓர் உரை ஆற்றினார். ஜப்பான் இனி இராணுவ வல்லரசாகாது, இந்நாட்டு மக்களோடு இதயத்திற்கு இதயம் நெருங்கிய உறவு கொள்ளும், ஆசியானைச் சமமான கூட்டாளியாக மதிக்கும் என்பன அவ்வுரையின் சாரம். ஐந்து நாடுகளிலும் ஆளுக்கொரு பெருந்தொழிலாக அமைக்க நூறு கோடி டாலர் உதவுவதாகவும் வாக்களித்தார்.

அந்த ஐந்தும் நிறைவேறினவா? இல்லை. அச்சேயிலும், சரவாக்கின் பிந்துலுவிலும் யூரியா ஆலைகள் எழுந்தன. சிங்கப்பூரின் டீசல் எஞ்சின் திட்டம் இந்தோனேசியாவின் எதிர்ப்பால் நின்றது. பணம் தர ஒருவன் முன்வந்தாலும், பங்கு பிரிக்கையில் உடன்பிறந்தாருக்குள் மனத்தாங்கல் வருவது நம் வீடுகளிலும் காணாததன்று! அச்சே ஆலையும் பிற்காலத்தில் எரிவாயு கிட்டாமல் மூடப்பட்டது.

1985க்குப் பின் யென்னின் மதிப்பு ஏறி, ஜப்பானில் பொருள் செய்வது கட்டுப்படியாகாமற் போனபோது, அங்குள்ள ஆலைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இடம்பெயர்ந்தன. இதில் தயாளம் ஒன்றுமில்லை, ஆதாயக் கணக்கே. எனினும் இலட்சக்கணக்கானோர்க்கு வேலை கிடைத்தது. 1997இல் தாய்லாந்தில் தொடங்கி நாணயங்கள் சரிந்தபோது, மறு ஆண்டே 3,000 கோடி டாலர் உதவித் திட்டத்தை ஜப்பான் அறிவித்தது. இந்தோனேசியரும் மலேசியரும் இதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசுப் இஷாக்கின் பெயர் தாங்கிய ஆய்வு நிறுவனம் 2019 முதல் நடத்திவரும் கருத்துக் கணிப்புகளில், பெரிய நாடுகளுள் மிகுதியான நம்பிக்கையைப் பெற்றுவருவது ஜப்பானே. அக்கணிப்பில் கேட்கப்படுவோர் அதிகாரிகள், அறிஞர்கள், வணிகர்கள் போன்றோரே. தோட்டத் தொழிலாளி அல்லர் என்பதையும் மறக்கலாகாது.

இதயத்திற்கு இதயம் என்ற அந்தச் சொல்லுக்குச் சோதனை, மாநாட்டு மண்டபங்களில் அன்று, மருத்துவமனைகளில் வந்தது. ஜப்பானில் முதியோர் பெருகி, பணிவிடைக்கு ஆளில்லாத நிலையில், தனி உடன்படிக்கையின்படி 2008 முதல் இந்தோனேசியச் செவிலியர் அங்கு சென்றனர். அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டவரும் சென்றனர். தம் நாட்டில் முறையாகப் பயின்று, பணியாற்றி அனுபவம் பெற்றவர்கள் அவர்கள். ஆயினும் ஜப்பானிய மொழியில் அந்நாட்டுத் தேர்வை எழுதித் தேறவேண்டும். தொடக்கத்தில், மூன்றாண்டுகளுக்குள் தேறாவிடில் ஊர் திரும்பவேண்டியிருந்தது. 2009இல் தேர்வெழுதிய 82 பேரில் ஒருவரும் தேறவில்லை. 2010இல் 254 பேரில் தேறியவர் மூவர். படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை செய்யத் தெரிந்தவர்களுக்கு, அதைக் குறிக்கும் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

ஜப்பானிலேயே இதுபற்றிக் குரல் எழுந்தது. கடினமான சொற்களை எளிதாக்கினார்கள். நோய்களின் பெயரை ஆங்கிலத்திலும் தந்தார்கள். 2012இல் 415 பேரில் 47 பேர் தேறினர். அதன்பின் அயல்நாட்டுச் செவிலியருக்குத் தேர்வு நேரத்தையும் நீட்டித்தார்கள்.