போன வருஷம் போட்ட போஸ்டரைப் பார்த்தா கூச்சமா இருக்கா? டிசைன் படிக்கிற தேனி மாவட்டப் பசங்களுக்கு சில விஷயங்கள்!

உங்க போன் கேலரியில கொஞ்சம் பின்னாடி போங்க. ஒரு வருஷத்துக்கு முன்னாடி, நண்பனோட அக்கா கல்யாணத்துக்கோ வீரபாண்டி திருவிழாவுக்கோ நீங்க போட்ட டிசைன் ஒண்ணு கிடக்கும். அஞ்சு ஃபான்ட், ஏழு கலர், எழுத்துக்குப் பின்னாடி நிழல், நிழலுக்குப் பின்னாடி ஒரு வெளிச்சம். 'இதையா ஸ்டேட்டஸ்ல வெச்சோம்?'னு தோணுதா?

கிராஃபிக் டிசைன் படிக்கிற எல்லாருக்கும் வர்ற கூச்சம்தான் இது. கையைவிட கண் வேகமா வளரும். எது நல்ல டிசைன்னு கண்ணுக்கு முதல்ல தெரிஞ்சிடும். அதைச் செஞ்சு காட்ட கைக்கு நாளாகும். அந்த இடைவெளியிலதான் நிறைய பேர் 'நமக்கு இது வராது'னு கழண்டுக்கிறாங்க.

கம்பம், சின்னமனூர், போடி பக்கத்துல இருந்து போறவங்களுக்கு இன்னொரு சந்தேகமும் சேர்ந்துக்கும். சென்னை, பெங்களூரு பசங்க பார்த்து வளர்ந்த மியூசியம், ஆர்ட் கேலரியெல்லாம் நமக்கு இல்லையேங்கிற சந்தேகம். வீட்லயும் 'ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுக்கு எதுக்குடா காலேஜ்?'னு கேள்வி தயாரா இருக்கும். கோபப்படாம அதுக்குப் பதில் சொல்லணும்னா, கள்ளக்குறிச்சிக்காரர் ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

நம்ம ரூபாய்க் குறியை வடிவமைச்ச உதயகுமார்தான் அவர். 1978-ல கள்ளக்குறிச்சியில பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்துல முதல்ல படிச்சது கட்டடக்கலை. அதுக்கப்புறம்தான் மும்பை ஐ.ஐ.டி-யில விஷுவல் கம்யூனிகேஷன் முதுகலை, அங்கேயே முனைவர் பட்டம். ஆய்வு செஞ்சது தமிழ் எழுத்து வடிவங்களை. ரூபாய்க்கு ஒரு குறி வேணும்னு 2009-ல மத்திய அரசு பொதுப்போட்டி அறிவிச்சப்ப, 3,000-க்கும் மேல டிசைன்கள் வந்துச்சு. இறுதிச் சுற்றுக்கு வந்தது அஞ்சு. 2010 ஜூலை 15 அன்னிக்கு உதயகுமாரோட டிசைன் தேர்வாச்சு. பரிசு ரெண்டரை லட்சம் ரூபாய். இப்போ குவாஹாட்டி ஐ.ஐ.டி-யில டிசைன் சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தக் குறியை ஒரு தடவை நிதானமா பாருங்க. தேவநாகரியோட 'ர'வும், செங்குத்துக் கோடு இல்லாத ஆங்கில 'ஆர்'-உம் ஒரே உருவத்துல இருக்கும். மேல ரெண்டு படுகோடு. அஞ்சு நிமிஷத்துல வரைஞ்ச மாதிரிதான் தெரியும். ஒரு எழுத்துல எதை எடுத்தாலும் அது அதே எழுத்தா தெரியும், எதை எடுத்தா தெரியாம போகும்னு வருஷக்கணக்கா தமிழ் எழுத்துகளை வெச்சுப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கும்னு நான் நினைக்கிறேன். (இன்னொரு பொருத்தம்... னை, லை, றா மாதிரி எழுத்துகள் பழைய சுழியை விட்டுட்டு இன்னிக்கு இருக்கிற வடிவத்துக்கு மாறினது, அவர் பிறந்த அதே 1978-ல தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தாலதான்.)

எட்டு எழுத்து, பதினொரு உருவம்

தமிழ் தெரிஞ்ச டிசைனருக்கு இருக்கிற பலம் இதுதான். ஆனா காலேஜ்ல நாம கத்துக்கிற லேஅவுட் எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செஞ்சது. 'போடிநாயக்கனூர்'னு எழுதிப் பாருங்க. எண்ணினா எட்டு எழுத்து. ஆனா கொம்பும் காலும் தனியா இடம் பிடிக்கிறதால கண்ணுக்குத் தெரியிறது பதினொரு உருவம். ஆங்கில டெம்ப்ளேட்ல இதைத் திணிச்சா எழுத்து சின்னதாகும், இல்ல பேர் ரெண்டா உடையும். இடைவெளியைக் கூட்டி அழகுபண்ணலாம்னு போனா, சில சாஃப்ட்வேர்ல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். வரிகளுக்கு நடுவுல இடமும் கூடுதலா விடணும். இல்லன்னா மேல் வரியோட சுழி கீழ் வரியோட புள்ளியில போய் இடிக்கும்.

அதே மாதிரி, டி.டி.பி கடையில பாமினி ஃபான்ட்ல அடிச்சதை அப்படியே போன்ல ஒட்டினா ஆங்கில எழுத்துக் குப்பையா வரும். அந்த ஃபான்ட் ஆங்கில எழுத்துகளோட இடத்துல தமிழ் உருவங்களை உக்கார வெச்சிருக்கு, அதான். யுனிகோட்ல பழகிட்டா இந்தத் தொல்லை இல்லை. முக்தா மலர், கேட்டமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரைனு கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமாவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கு. மதுரை பேர்ல ஃபான்ட் வந்தாச்சு. தேனி பேர்ல ஒண்ணு வரட்டும், யார் தடுத்தா?

பென்னிகுயிக் முகம் ஏன் கட்டம் கட்டமா தெரியுது?

ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்தநாள். பள்ளத்தாக்கு முழுக்க ஃப்ளெக்ஸ் நிக்கும். பெரும்பாலும் அதே பழைய போட்டோ. வாட்ஸ்அப்ல சுத்திச் சுத்தி வந்த படம் அகலத்துல 800 பிக்ஸல்தான் இருக்குன்னு வைங்க. அதைப் பத்தடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தா, பத்தடின்னா 120 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு ஏழு பிக்ஸல்கூட வராது. முகம் கட்டம் கட்டமா உடையும். கலரும் அப்படித்தான். போன் திரை வெளிச்சத்துல கலர் காட்டுது. பிரின்டர் நாலு மையைக் கலந்து காட்டுது. திரையில பளிச்சுனு இருந்த ஏலக்காய்ப் பச்சை, அச்சுல மங்கித்தான் வரும். இதைப் புத்தகத்துல படிக்கிறதைவிட, பிரின்டிங் கடையில ஒரு மாசம் உக்காந்தா சீக்கிரம் புரியும்.

ஆனா வளர்ச்சி பிக்ஸல் கணக்கோட நிக்கிறதில்லை. 1895-ல பயன்பாட்டுக்கு வந்த முல்லைப்பெரியாறு அணை, மேற்கே ஓடின தண்ணியைச் சுரங்கம் வழியா கிழக்கே திருப்பி நம்ம பக்கம் கொண்டுவந்தது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியுற மாதிரி ஒரே படமா உங்களால வரைய முடியுமா? 2023-ல புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சைக்கு, அந்த ஊர்ப் பெருமை தெரியுற மாதிரி ஒரு பெட்டி? முதல் வருஷம் நாம 'எப்படி அழகாக்குறது'ன்னு கேட்போம். 'யாருக்கு, எதுக்கு'ன்னு கேட்க ஆரம்பிக்கிற அன்னிக்குத்தான் படிப்பு பிடிபடும். வீட்டுல கேட்ட ஃப்ளெக்ஸ் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கு.

விமர்சனம் கேட்கிற விதமும் மாறணும். 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டா 'செம ப்ரோ'ன்னுதான் பதில் வரும். அதால பைசா பிரயோஜனமில்லை. 'முதல்ல எது கண்ணுல பட்டுச்சு?'ன்னு கேளுங்க. 'போன் நம்பரைப் பெருசு பண்ணு தம்பி'னு சொல்ற உரக்கடை அண்ணாச்சியைக் கிண்டல் பண்ணாதீங்க. எது முக்கியமோ அது முதல்ல தெரியணும்னு உங்க வாத்தியார் ஒரு செமஸ்டர் பூரா சொல்றதைத்தான் அவர் ஒரே வரியில சொல்றார். என்ன, அந்த நம்பரை மத்ததையெல்லாம் மிதிக்காம பெருசாக்குறது உங்க வேலை.

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்'னு இருக்கிற பழைய ஃபைல்களை அழிக்காதீங்க. தேதி போட்டு வைங்க. போர்ட்ஃபோலியோ பார்க்கிறவங்க முடிஞ்ச போஸ்டரோட, நீங்க எதை ஏன் மாத்தினீங்கன்னும் கேட்பாங்க.

இன்னும் பிளஸ் டூ-வுலதான் இருக்கீங்களா? மும்பை ஐ.ஐ.டி நடத்துற யூசீட் தேர்வை எந்த குரூப் எடுத்தவங்களும் எழுதலாம். அதுல வரையிற பகுதியும் உண்டு. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளும் இருக்கு. சென்னைக் கல்லூரி 1850-ல தொடங்கினது.

அதுவரைக்கும் பயிற்சிக்கு ஒண்ணு. 2023-ல இருந்து மறுபடி ரயில் வர்ற போடி ஸ்டேஷனுக்கு ஒரு நோட்டும் பென்சிலுமா போங்க. பெயர்ப்பலகையில ஒரே பேர், மூணு மொழி எழுத்துல இருக்கும். எது அதிக இடம் எடுக்குது, எது தூரத்துல இருந்தே படிக்க முடியுதுன்னு பார்த்து மூணையும் வரைஞ்சு பாருங்க. போடிக்கு ரயில் அடிக்கடி வராது. நேரம் தாராளமா கிடைக்கும்.