முதல் மழை கௌசிகாவுக்கு எதைக் கொண்டுபோகிறது?

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் குருடிமலையில் பிறக்கிறது கௌசிகா. இடிகரை, கோவில்பாளையம், உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் ஊரான வையம்பாளையம் எனக் கிழக்கே ஓடி, திருப்பூர் பக்கம் நொய்யலில் சேர்கிறது. பெயர்தான் நதி, ஆண்டில் பெரும்பாலான நாள் காய்ந்த பள்ளம்தான். மழை பெய்தால்தான் தண்ணீர். அதனால், நம் காட்டிலிருந்தும் ரோட்டிலிருந்தும் வழிந்தோடும் நீர் எப்படியோ, கௌசிகாவும் அப்படியே.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். கோடை முழுக்கச் சேர்ந்த அழுக்கை முதல் ஒன்றிரண்டு மழையே கழுவி எடுத்துப் போய்விடும். பட்டறைக் கழிவு எண்ணெய், ஊர்ச் சாக்கடை, பிளாஸ்டிக், கோழி எரு, தோட்டத்தில் தூவிய யூரியா எல்லாம் பள்ளத்தில் இறங்கும். பள்ளத்துத் தண்ணீர் குட்டைக்குப் போகும். குட்டைத் தண்ணீர் மண்ணில் இறங்கி, நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் வந்து சேரும்.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. அத்தனை பாடுபட்டு வந்த நீர், கழிவு தேங்கிய குட்டையில் விழுந்தால் யாருக்கு லாபம்?

கெட்ட பிறகு சுத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நொய்யலே சாட்சி. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி நிலங்களில் உப்பு ஏறியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், மண்ணில் ஏறிய உப்பை உத்தரவு போட்டு இறக்க முடியாது.

ஆலைக் கழிவைத் தடுக்க வாரியம் வேண்டும், நீதிமன்றம் வேண்டும். நம் தோட்டத்திலிருந்து போவதை நாமே தடுக்கலாம்.

உரம்: மழைக்கு முன் யூரியா போடலாமா என்பது பலருக்கும் உள்ள கேள்வி. தூறல் என்றால் பயிருக்கு நல்லது. கனமழை வரும் என்றால் தள்ளிப் போடுங்கள். யூரியா நீரில் உடனே கரையும். ஓடும் தண்ணீரோடு பணமும் ஓடும். பிரித்துப் பிரித்துப் போடுவதே நல்லது.

எரு: கோழி எருவையும் கட்டுத்தரைக் குப்பையையும் பள்ளத்தோரம் குவிக்காதீர்கள். மேடான இடத்தில் குவித்து, சுற்றிலும் சிறு வரப்பு போட்டு, தார்ப்பாய் மூடுங்கள்.

மருந்து: காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். டேங்க் கழுவிய நீரை, மருந்தடித்த தோட்டத்துக்குள்ளேயே விடுங்கள். டப்பாவை ஓட்டை போட்டு ஒதுக்கி வையுங்கள், பள்ளத்தில் வீசாதீர்கள்.

பள்ளத்தோரம்: 10 முதல் 15 அடி அகலத்தை உழாமல் விட்டு, கொழுக்கட்டைப்புல் அல்லது வெட்டிவேர் வளருங்கள். தண்ணீர் வேகம் குறையும். வண்டலும் அதில் ஒட்டிய மணிச்சத்தும் அங்கேயே தங்கும். கொழுக்கட்டைப்புல் மாட்டுக்கும் தீவனம்.

குட்டை: தண்ணீர் நுழையும் வாயில் ஒரு வண்டல் குழி எடுங்கள். கோடையில் அள்ளும் வண்டல், சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்காதது என்றால் தோட்டத்துக்கே உரம்.

குடிக்கும் கிணறு என்றால், மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பே வருகிறது. பள்ளத்தைத் தூர்வாரவும், சாக்கடை குட்டையில் சேராமல் திருப்பவும் அங்கே தீர்மானம் கேளுங்கள். மழைநாளில் தண்ணீர் நிறம் மாறியோ நுரைத்தோ வந்தால், நாளும் நேரமும் குறித்துப் படம் எடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்.