காடியைத் தூக்கும் முன் தரையைப் பாருங்கள்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனின் தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. பைக்குள் எண்ணெய்க் கறை படிந்த ஆங்கிலக் கையேடு ஒன்று.

"டீச்சர், இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லணும். பையன் காடி தூக்குற லிப்ட் ஒண்ணு வாங்கப் போறானாம். என் ஈ.பி.எப். காசைக் கேக்குறான்" என்றார்.

கடிதம் வாசிப்பதும் பாரம் நிரப்புவதும் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிய வேலைதான். ஆனால் இது வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டித் தோள் தேய்ந்த மனிதரின் சேமிப்பு அது. ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்பி வராது. அன்றிரவே கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தேன். மறுவாரம் கிள்ளானுக்குப் போய் அவர்கள் வீட்டையும் பார்த்து வந்தேன்.

தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று மோட்டார் பட்டறைத் தொழிலில் இருக்கிறார்கள். வீட்டு முன்தாழ்வாரத்திலேயே காடி பழுது பார்க்கிறவர்களும் உண்டு. அவர்கள் வீடுகளிலும் இந்தப் பேச்சு ஒரு நாள் எழும். ஆகையால் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தாயின் பயம்

என் மாணவன் நல்ல உழைப்பாளி. தினமும் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் காடியையும், உறவினர், நண்பர் காடிகளையும் வீட்டில் பார்ப்பான்.

அப்படி ஒரு ஞாயிறு. ஜாக்கியை மட்டும் வைத்துத் தூக்கிய காடிக்கு அடியில் படுத்திருந்தவன், ஸ்பானர் எடுக்க வெளியே வந்தான். அடுத்த கணம் 'டொம்' என்று சத்தம். ஜாக்கி நின்ற தரை ஓடு உடைந்து, கீழே மண் இறங்கி, ஜாக்கி சாய்ந்துவிட்டது. அவன் தலை வைத்திருந்த இடத்தில் காடி கிடந்தது.

"அன்னையிலேருந்து அவன் காடிக்கு அடியில படுத்தா எனக்குச் சோறு இறங்கலை, டீச்சர்" என்றார் அவன் தாய். லிப்ட் வாங்கும் எண்ணம் பிறந்தது அதனால்தான்.

இங்கே ஒன்றை எல்லாரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உள்ள கருவி; தாங்குவதற்கு உள்ள கருவி அன்று. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டுகளில் காடியை இறக்கி வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே அடியில் போகலாம். லிப்ட் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் இந்த விதி உண்டு.

முடிதிருத்தும் நாற்காலியிலிருந்து

அடைபட்ட எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பரவும். இதை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அந்தத் தத்துவத்தைக் கொண்டு காடி தூக்கும் லிப்டை 1925இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி. முடிதிருத்தும் கடையில் நாற்காலி மேலே எழும்புவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

எண்ணெய் தூக்கும், ஆனால் எண்ணெயை நம்பி அடியில் நிற்கக் கூடாது. குழாய் வெடிக்கலாம், ரப்பர் வளையம் தேயலாம். ஆகவேதான் நல்ல லிப்டில் இரும்புப் பூட்டுகள் இருக்கும். மேலே ஏறும்போது 'டக், டக்' என்று கேட்பது அந்தப் பூட்டுகளின் ஓசை. வேண்டிய உயரம் வந்ததும் சிறிது இறக்கி, பாரத்தைப் பூட்டின் மேல் உட்கார வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மூன்று வகை

வீட்டுக்கு வாங்கக்கூடிய லிப்டுகளில் முக்கியமானவை மூன்று.

முதலாவது இரட்டைத் தூண் லிப்ட். இரண்டு தூண்களிலிருந்து நீளும் நான்கு கைகள் காடியின் அடிப்பகுதியைப் பிடித்துத் தூக்கும். சக்கரங்கள் தொங்குவதால் எல்லா வேலையும் செய்யலாம். பட்டறைகளில் நாம் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். ஆனால் இதன் முழு பலமும் தரையில் இறங்கிய போல்ட்டுகளில்தான் இருக்கிறது.

இரண்டாவது நான்கு தூண் லிப்ட். காடி இரண்டு பலகைகளின் மேல் சக்கரத்தோடு ஏறி நிற்கும். உறுதியானது. மேலே ஒரு காடி, கீழே ஒரு காடி நிறுத்த ஏற்றது. சக்கரம் கழற்ற வேண்டுமென்றால் தனியாக இன்னொரு ஜாக்கி வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும்.

மூன்றாவது கத்தரி லிப்ட். கத்தரிக்கோல் போல விரிந்து மூன்று, நான்கு அடி உயரம் தூக்கும். தூண் கிடையாது. பாரம் நேராகக் கீழே இறங்கும். ஆனால் காடியின் நடுப்பகுதியில் வேலை செய்ய அதன் இரும்புச் சட்டமே தடையாக இருக்கும்.

இரட்டைத் தூண் லிப்டை நம் மக்களுக்கு விளக்குவது எளிது. பால்மரக் காட்டில் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு வாளி பால் சுமந்தவர்களைக் கேளுங்கள். ஒரு பக்கம் பால் கூடினால் கம்பு சாயும், கால் தடுமாறும். லிப்டும் அப்படித்தான். இன்றைய சிறிய காடிகளுக்கு இன்ஜின் முன்னால் இருப்பதால் முன்பக்கம் பாரம் அதிகம். நான்கு கைகளையும் காடியின் கையேடு காட்டும் இடங்களில்தான் வைக்க வேண்டும். மேலே நிற்கும் காடியிலிருந்து இன்ஜினையோ கியர்பெட்டியையோ கழற்றினால் பாரம் மறுபக்கம் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கூரைக் கணக்கு

என் மாணவன் வாங்க நினைத்தது பழைய இரட்டைத் தூண் லிப்ட். "நாலு போல்ட்டு அடிச்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்று விற்பவர் சொன்னாராம். நான் அளவு நாடாவை எடுக்கச் சொன்னேன்.

தாழ்வாரக் கூரையின் உயரம் 10 அடி. அவன் வைத்திருக்கும் மைவி காடியின் உயரம் ஏறக்குறைய 5 அடி. மீதி 5 அடி. கூரையில் இடிக்காமல் இருக்க அரை அடி விட்டால் நாலரை அடிதான் தூக்க முடியும். இரட்டைத் தூண் லிப்ட் ஆறடி தூக்கும். அந்த ஆறடிக்காகக் காசு கொடுத்துவிட்டு நாலரை அடியோடு நிற்பதா? அது மட்டுமா? மேலே குறுக்குக் கம்பி உள்ள வகைக்குத் தூணே ஏறக்குறைய 12 அடி. அது அந்தக் கூரைக்குக் கீழ் நிற்கவே நிற்காது.

பாரக் கணக்கும் உண்டு. மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. ஹைலக்ஸ் போன்ற வண்டி 2,000 கிலோவைத் தொடும். லிப்டின் தகட்டில் எழுதியிருக்கும் தாங்கும் அளவு, நீங்கள் தூக்கப்போகும் மிகப் பெரிய வண்டியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தகடு இல்லாத பழைய லிப்டை வாங்கவே வேண்டாம்.

தரைதான் உயிர்

சுவரை வைத்துத்தான் சித்திரம். இரட்டைத் தூண் லிப்டுக்குக் குறைந்தது 4 அங்குலக் கனமுள்ள நல்ல கான்கிரீட் வேண்டும். சில வகைகளுக்கு 6 அங்குலம் கேட்கிறார்கள். விரிசலுக்கு அருகிலோ, தரையின் ஓரத்திலோ போல்ட்டு அடிக்கக் கூடாது. தரை ஓட்டின் கனத்தைக் கணக்கில் சேர்க்கவும் கூடாது.

கிள்ளான் பக்கம் பல இடங்களில் அடியில் இருப்பது மென்மையான கடல் களிமண். வீடு தூண்களின் பலத்தில் நிற்க, முன்தாழ்வாரத் தரை மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பல தாமான்களில் பார்க்கலாம்.

தரையின் கனத்தை அறிய ஒரு வழி உண்டு. நீர்க்குழாயோ மின்கம்பியோ போகாத மூலையாகப் பார்த்து ஒரு சிறு துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டு அடிவிளிம்பில் மாட்டி அளக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அளந்தோம். மூன்று அங்குலம்தான் வந்தது. கம்பி இன்னும் கீழே இறங்கிற்று. மண் இறங்கிப்போய் அடியில் வெற்றிடம்!

பையன் ஒன்றும் பேசவில்லை. தந்தைதான் பேசினார். "லிப்டுக்கு நீ சேர்த்து வாங்கு. தரைக்கு மட்டும் நான் குடுக்கிறேன். தரை வீட்டுக்குத்தானே?" என்றார். படிக்காதவர் சொன்ன அந்தப் பேச்சில் எவ்வளவு தெளிவு!

பொருத்தும்போது

பழைய தரையை உடைத்து, மண்ணை இறுக்கி, கம்பி கட்டி, 6 அங்குலக் கனத்தில் புதுக் கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் என்பது கணக்கு. முதல் வாரம் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்தார்கள். அவசரப்பட்ட பையனைத் தாய் தடுத்துவிட்டார்.

பிறகு புதிதாக ஒரு கத்தரி லிப்ட் வாங்கினான். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதற்கென்று தனி இணைப்பும் தனிப் பாதுகாப்பு விசையும் வைத்தான். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தை யார் மறப்பார்? ஆகவே மோட்டாரை இடுப்புக்கு மேல் உயரத்தில் வைக்கச் சொன்னேன். லிப்டுக்குப் பதில் தரையில் குழி வெட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குழியில் மழைநீர் தேங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது குழியில் தங்கினால் ஒரு தீப்பொறி போதும்.

முதல் நாள் லிப்டை வெறுமனே பல முறை ஏற்றி இறக்கினான். அடுத்துக் காடியை அரை அடி மட்டும் தூக்கி, கையால் அசைத்துப் பார்த்தான். நான்கு இடத்திலும் ரப்பர் திண்டு சரியாக உட்கார்ந்திருந்த பிறகே மேலே ஏற்றினான். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் செய்ய வேண்டும். தூக்கிய காடிக்குள் ஆள் இருக்கக் கூடாது. பக்கத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது.

இன்னும் ஒன்று. உறவுக்காரர் காடியைப் பார்ப்பது வேறு, கூலி வாங்கித் தொழில் நடத்துவது வேறு. குடியிருப்பு வீட்டில் பட்டறை நடத்த நினைத்தால் முதலில் உங்கள் நகராண்மைக் கழகத்தில் உரிமம் பற்றி விசாரியுங்கள். கிள்ளானில் அது இப்போது அரச மாநகர் மன்றம். கழிவு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றவே கூடாது. அது சட்டப்படி பட்டியலிடப்பட்ட கழிவு. கலனில் சேர்த்து, உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் லிப்ட் வேண்டும் என்று கேட்கலாம். உடனே மறுக்காதீர்கள், உடனே பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கூரையை அளக்கச் சொல்லுங்கள், தரையைத் துளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கையேட்டை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

சென்ற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காடி நாலடி உயரத்தில் நின்றது. பையன் சிறு முக்காலி போட்டு அதனடியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். தாய் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவனையும் சாப்பிடக் கூப்பிட்டார். பிறகு எங்களோடு உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார்.